பேண்டேஜ் துணியும் தாதியர் கையும்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் முதலிய ஊர்களின் வழியே செல்பவர் எவரும் தறிகளின் ஓசையைக் கேளாமல் செல்ல இயலாது. அத்தறிகளில் நெய்யப்படுவது சேலையுமன்று, வேட்டியுமன்று. இழைகள் நெருங்காமல் விலகி ஓடும் மெல்லிய வெள்ளைத் துணி. புண்ணுக்கும் காயத்துக்கும் கட்டும் பேண்டேஜ் துணி அது. இத்தேசத்தின் ஆஸ்பத்திரிகளுக்கும், கடல் கடந்த நாடுகளின் ஆஸ்பத்திரிகளுக்கும் இவ்வட்டாரத்துத் துணி போகிறது. அதை நெய்கிறவர் யாரென்று கட்டுப் போட்டுக் கொண்டவர் கேட்பதில்லை. கட்டிவிட்ட கை யாருடையது என்பதும் வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே மறந்து போகிறது. நெசவாளர் விஷயத்தைப் பிறிதொரு நாளைக்கு வைத்துக் கொண்டு, கட்டுகிற கையைப் பற்றி இன்று எழுதத் துணிந்தோம்.

தாதித் தொழிலைப் பற்றிப் பேசுவோர், பதினெட்டு வயதில் பள்ளியில் சேர்ந்து, இருபத்தோரு வயதில் வெள்ளுடை தரித்து, ஓய்வு பெறும் வரையில் ஒரே வழியில் நடந்து செல்லும் பெண்ணையே மனத்தில் கொண்டு பேசுகிறார்கள். அவ்வாறு நடப்பவர் உண்டு, அவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் வாழ்க்கை அவ்வளவு நேரான சாலையாக அமைவதில்லை. இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரமே. ஒன்று பஞ்சாலை நகரம். குமாரசாமி ராஜா பிறந்த ஊர் என்று தேசபக்தர்களால் நினைக்கப்படுவது. மற்றொன்று பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த கோயில் நகரம்; பால்கோவாவுக்கும் பேர் போனது. இவ்விரண்டுக்கும் நடுவே காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் போய் வரும் பெண்களின் கூட்டத்தில், படித்த படிப்பு ஒன்றும் பார்க்கும் வேலை வேறொன்றுமாக இருப்பவர் எத்தனையோ பேர்.

அவர்களில் ஒருத்தியை எண்ணிக் கொள்வோம். பெயர் வேண்டாம், இவள் பலருடைய சாயலை உடையவள். நர்ஸிங் டிப்ளோமா முடித்தாள். முதலில் வேலை கொடுத்தது பத்துப் பன்னிரண்டு கட்டில்கள் கொண்ட ஒரு தனியார் வைத்தியசாலை. அங்கே அவளுக்குக் கிடைத்த சம்பளம் ஜவுளிக் கடையில் துணி மடித்து வைக்கும் பெண்ணுக்குக் கிடைப்பதைவிட அதிகமில்லை. கல்யாணம் ஆயிற்று, இராவேலை கூடாதென்று புக்ககத்தார் சொன்னார்கள். ஆலை ஒன்றின் ஆபீஸில் கணக்கெழுதினாள். குழந்தை பிறந்தபின் ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். மீண்டும் ஒரு வைத்தியசாலை. அங்கே இன்ஷூரன்ஸ் காகிதங்களைச் சரி பார்க்கும் வேலை. இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. பின்னர் பரீட்சை எழுதி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் தாதியாக நியமன உத்தரவு கையில் வந்தது. வீட்டார் மகிழ்ந்தார்கள், அயலார் வந்து விசாரித்தார்கள். முதல் நாள் இரவு அவள் தூங்கினாளா என்பதை மட்டும் ஒருவரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

புது வார்டில் கால் வைப்பதன் கஷ்டம், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் தெரிவதன்று. பன்னிரண்டு கட்டில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நாற்பது கட்டில்கள் ஒரே நேரத்தில் புலப்பட வேண்டும். முந்திய முறை பார்த்த தாதி, நோயாளர் ஒவ்வொருவரையும் பற்றி ஒப்புவித்துச் செல்லும் நேரம் சிறிது. அதற்குள் இன்னாருக்கு இன்ன மருந்து, இன்னாருக்குக் காலையில் ரத்தம் எடுக்க வேண்டும், இன்னார் இரவெல்லாம் சிறுநீர் கழிக்கவில்லை என்பவற்றை மனத்தில் நிறுத்திக் கொள்ள வேண்டும். டாக்டரின் கையெழுத்தைப் படிப்பது தனி வித்தை. மருந்தின் பெயர் புதிது, மாத்திரை அதேதான். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று தெரியாமல் தேடும் அரை நிமிஷம், மூச்சுத் திணறும் நோயாளியின் எதிரே ஒரு யுகமாகத் தோன்றும். கட்டிலைச் சுற்றி நிற்கும் உறவினர் ஐந்து பேரும் ஐந்து கேள்வி கேட்பார்கள். வயதில் இளைய பெண்ணொருத்தி, சர்வீஸில் மூத்தவளாக இருந்து, “இதுகூடத் தெரியாதா, அக்கா?” என்று கேட்டுவிட்டாலோ, அந்த ஒரு வார்த்தை அன்று முழுதும் முள்ளாகக் குத்தும்.

எல்லாவற்றிலும் பெரிய பயம் ஒன்றுண்டு. கணக்கில் தவறினால் அழித்து எழுதலாம். பள்ளியில் ஒரு பாடத்தைத் தவறாகச் சொன்னால் மறுநாள் திருத்திக் கொள்ளலாம். ஊசி மருந்தின் அளவில் தவறினால் திருத்துவதற்கு மறுநாள் என்பது ஒருவேளை இல்லாமலே போகலாம். இந்தப் பயம் உள்ளவளே நல்ல தாதியாகிறாள் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். பயம் சிறிதுமின்றி முதல் வாரத்திலேயே கை வீசி நடக்கிறவரிடம் நாமானால் ஊசி போட்டுக் கொள்ளத் தயங்குவோம்.

மூன்று மாதம், ஆறு மாதம் கழிகின்றன. அவள் பழைய வாழ்க்கையில் கற்றவை ஒவ்வொன்றாக வெளிப்படத் தொடங்குகின்றன. ஆலைக் கணக்கு எழுதிய பழக்கத்தால் அவளுடைய வார்டுப் புஸ்தகத்தில் ஒரு மாத்திரையும் கணக்கு தப்புவதில்லை. பள்ளிக்கூடத்துப் பொறுமையால், சர்க்கரை வியாதிக்காரக் கிழவருக்கு இன்ஸுலின் போட்டுக் கொள்ளும் விதத்தை நான்காம் முறையும் முகஞ் சுளிக்காமல் சொல்லிக் கொடுக்கிறாள். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் காகிதத்தோடு திகைத்து நிற்பவனுக்கு எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று அவளால் ஒரு வார்த்தையில் சொல்ல முடிகிறது. ராஜபாளையத்துக் கிழவிகள் சிலர் வலி மிகுந்தால் தமிழை விட்டுவிட்டு வீட்டுத் தெலுங்கில் பேசுவார்கள். ஆலையில் சகாக்களோடு பழகி நாலு தெலுங்கு வார்த்தை தெரிந்து கொண்டவள் அங்கே டாக்டருக்கே துபாஷியாகிறாள். ஆனால் இவ்வனுபவத்தில் எதற்கும் சம்பளப் பட்டியலில் இடமில்லை. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

இவ்வட்டாரத்தின் வியாதிகளுக்கும் விபத்துகளுக்கும் ஒரு தனித் தன்மை உண்டு. மேற்கே மலை; அதன் அடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும். ஆதலால் பாம்புக் கடியும், மரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தவர்களும் வருவார்கள். ஆலைகளில் இயந்திரத்தில் விரல் அகப்பட்டவர்கள் வருவார்கள். கிழக்கே சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் திரும்பினால் பட்டாசுத் தொழில். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் இருபதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அப்படிப்பட்ட நாட்களில் விருதுநகர் ஜில்லா ஆஸ்பத்திரிகளின் தாதியர்க்கு முறை என்பதும் நேரம் என்பதும் இல்லை. தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றுவதை ஒரு முறை நேரில் பார்த்தவர் தாதியின் சம்பளத்தைப் பற்றிக் கஞ்சத்தனமாகப் பேசமாட்டார். ஒட்டிக் கொண்ட துணியை நனைத்து, தோல் பிரியாமல், நோயாளி அலறினாலும் கை நடுங்காமல், அங்குலம் அங்குலமாக எடுக்க வேண்டும். அந்தத் துணி ஒருவேளை ஒரு பஸ் பயணத் தூரத்தில் நெய்யப்பட்டதாகவே இருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் தாதியின் ஊழியம் பரந்து கிடக்கிறது. கிராம சுகாதாரத் தாதி, சமவெளியானால் 5,000 ஜனங்களையும் மலைப் பிரதேசமானால் 3,000 ஜனங்களையும் தன் பொறுப்பில் வைத்திருக்க வேண்டுமென்பது சர்க்கார் வகுத்த அளவு. கருவுற்ற பெண்ணின் பெயரைப் பதிவது முதல் பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது வரையில் அவள் பொறுப்பே. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் பளியர் என்னும் மலைவாசிகள் வாழ்கிறார்கள். அங்கே தாதி சொல்லும் சொல்லுக்குச் செவி கொடுப்பது, அவள் முந்திய முறை வந்தபோது எப்படி நடந்து கொண்டாள் என்பதைப் பொறுத்தது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், சுய உதவிக் குழுக்களிலிருந்து பெண்களைத் தேர்ந்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கக் கற்பித்து, வீடு வீடாக அனுப்பினார்கள். நேற்று வரை சீட்டுக் கணக்கும் சிறு கடையும் பார்த்த கைகள் ரத்த அழுத்தக் கருவியை எடுத்தன. இவர்கள் தாதியர் ஆகமாட்டார்கள். அப்படி அழைப்பது படித்துத் தேறிய தாதியர்க்கும் நியாயமன்று, ஊக்கத் தொகையை மட்டும் பெற்று உழைக்கும் இப்பெண்களுக்கும் நியாயமன்று. எனினும், வாழ்க்கையின் நடுவில் ஒரு புது ஊழியத்தை ஏற்றுப் பழகும் திறமை நம் பெண்களிடம் எவ்வளவு இருக்கிறதென்பதற்கு இது கண்கண்ட சாட்சி.

வேறு தொழிலிலிருந்து நோயாளியின் கட்டிலண்டை வந்தவர்களில் நம் தேசம் என்றும் மறவாத ஒருவரை இங்கே நினைவு கூர்வது பொருந்தும். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது பாரிஸ்டராக. பம்பாயில் கேஸ் நடத்த எழுந்து நாவெழாமல் உட்கார்ந்ததும், பள்ளி உபாத்தியாயர் வேலைக்கு முயன்று அதுவும் கிட்டாமற் போனதும் அதற்கு முன் நடந்தவை. தர்பனில் பார்ஸி ருஸ்தம்ஜியின் தர்மத்தினால் ஒரு சிறு இலவச ஆஸ்பத்திரி டாக்டர் பூத் என்பவரின் கீழ் ஏற்பட்டது. அங்கே கம்பவுண்டராக இருந்து மருந்து கலந்து கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. நல்ல வருமானமுள்ள வக்கீல், தினமும் காலையில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கி அவ்வேலையை ஏற்றார். நோயாளிகளின் உபாதையைக் கேட்டறிந்து டாக்டரிடம் சொல்வதும், எழுதிய மருந்தைக் கொடுப்பதும் அவர் வேலை. வந்தவர்களிற் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் வட இந்தியருமே. நம் ஜனங்களின் துயரத்தை அவர் நெருங்கி அறிந்த இடங்களுள் அந்தச் சிறு மருந்தறையும் ஒன்று.

அங்கே கற்றது வீண் போகவில்லை. 1899-இல் போயர் யுத்தம் மூண்டபோது சுமார் 1,100 இந்தியர் கொண்ட ஆம்புலன்ஸ் படை கூடியது. அவர்களுள் ஏறத்தாழ 300 பேர் சுதந்தர இந்தியர், எஞ்சியவர் ஒப்பந்தக் கூலிகள். கரும்புக் கொல்லையில் மண்வெட்டி பிடித்தவன் டோலியைத் தோளில் ஏற்றி, காயம்பட்டவனோடு நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தான். 1904-இல் ஜோஹானஸ்பர்கில் பிளேக் நோய் பரவியபோது நடந்தது இதனினும் பெரிது. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நோயாளிகளைக் கிடத்தினார்கள். காந்தியடிகளின் ஆபீஸ் குமாஸ்தாக்கள் நால்வர் எழுத்து வேலையை விட்டு அன்றிரவே தாதிகளானார்கள். டாக்டர் காட்பிரே உடனிருந்தார். நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. நகரசபை அனுப்பிய நர்ஸும் சில தினங்களில் அந்நோய்க்கே இரையானாள். குமாஸ்தாக்கள் நோய் தொற்றாமல் தப்பியது தெய்வாதீனம். அன்றிரவு அவர்களை யாரும் “முன் அனுபவம் உண்டா?” என்று கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய காலத்தில் நாம் கேட்பதோ வேறு விதம்: அனுபவம் உள்ளவளையும் இல்லாதவளாகவே எழுதிக் கொள்ளுகிறோம்.

1943-இல் நேதாஜி அமைத்த ஜான்ஸி ராணிப் படையில் மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் திரளாகச் சேர்ந்தார்கள். பால் வெட்டும் கத்தியைப் பிடித்த கை துப்பாக்கியைப் பிடித்தது. சிலர் கை காயங் கட்டப் பழகிற்று. இம்பால் போர்முனையிலிருந்து 1944-இல் காயமடைந்தவர்கள் பர்மாவுக்குத் திரும்பி வந்தபோது, மேமியோவில் அவர்களுக்குப் பணிவிடை செய்தவர்களில் இப்பெண்களும் உண்டு. டாக்டர் லக்ஷ்மியின் பெயர் நமக்குத் தெரியும். அந்தத் தோட்டப் பெண்களின் பெயர்களோ நமக்குத் தெரியமாட்டா.

இனி, சர்க்கார் விஷயத்துக்கு வருவோம். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் தாதியர்க்குப் பயிற்சி 1871-இலேயே தொடங்கிற்று. தாதியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-இல் வந்தது. ஆரம்பத்தில் முந்திக் கொண்டவர்கள்தாம் நாம். எனினும் போர் கமிட்டியார் 1946-இல் அறிக்கை வெளியிட்டபோது இந்தியா முழுவதிலும் இருந்த நர்ஸ்கள் சுமார் 7,000 பேரே; 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் என்று கணக்காயிற்று. அன்னிய ஆட்சி நம் ஜனங்களின் உயிரை எவ்வளவு மதித்தது என்பதற்கு இந்த ஓர் எண் போதும். சுதந்தரம் வந்தபின் தாதியரின் நிலையை ஆராய 1954-இல் நியமித்த கமிட்டிக்குத் தலைமை வகித்தவர் சென்னை ராஜ்யத்தின் சுகாதார மந்திரி ஏ.பி. ஷெட்டி. 1987-இல் அமைந்த உயர் அதிகாரக் கமிட்டிக்குத் தலைமை வகித்தவரும் நம்மவரே, ஸ்ரீமதி சரோஜினி வரதப்பன். எனவே, தாதியரின் குறைகள் யாவை என்பது சென்னைக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல இடமில்லை.

தெரிந்து செய்தது என்ன? 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஏற்பட்டது. பரீட்சை வைத்துத் தகுதியால் தேர்வது என்னும் கொள்கை நல்லதே. அதை நாம் மனமார வரவேற்கிறோம். 2015-இல் 7,243 நர்ஸ்களைத் தேர்ந்தெடுக்கப் பரீட்சை நடந்தது. நம் கதையில் வரும் பெண்ணைப் போன்றவர்கள் பலர் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் படித்துத் தேறினார்கள். தேறியவர்களுக்குக் கிடைத்தது காலமுறைச் சம்பளமன்று. தொகுப்பூதியம் என்னும் பெயரால் மாதம் ரூ.7,700. இரண்டாண்டு கழித்தால் நிரந்தரமாவோம் என்று நம்பிக்கையோடு வேலையில் சேர்ந்தார்கள். இரண்டாண்டு கழிந்தது, நம்பிக்கையும் கழிந்தது. 2017 நவம்பரில் ஆயிரக் கணக்கான தாதியர் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்குநர் அலுவலக வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ராஜ்யத்தின் பல ஜில்லாக்களிலிருந்தும் வந்தவர்கள் தரையில் படுத்து இரவைக் கழித்தார்கள். நோயாளிகளை விட்டுவிட்டு வரலாமா என்று உபதேசம் செய்தவர் பலர். நோயாளிகளைப் பார்க்கிறவளை இரண்டாண்டு மறந்திருக்கலாமா என்று கேட்டவர் சிலரே. ஊதியம் அதன்பின் கொஞ்சங் கொஞ்சமாக உயர்த்தப்பட்டது. நிரந்தரமென்பது காலியிடம் வரவர, வரிசைப்படி, துளித்துளியாக வந்தது.

பிறகு வந்தது கொரோனா. 2020-இல் அவசர அவசரமாகத் தாதியரை அழைத்தார்கள். அன்று அவர்களுக்குச் சூட்டாத புகழ்மாலை இல்லை. வீட்டு மாடிகளில் நின்று கை தட்டினோம், நாமும் தட்டினோம். அவ்வாறு அழைக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருடைய ஊழியம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்ததென்று உத்தரவு பிறந்தது. 2023 ஜனவரியில் போராட்டம் எழுந்தபோது, ஜில்லா சுகாதார சங்கங்களின் வழியாக ரூ.18,000 ஊதியத்தில் வேறு வேலை தருவதாகச் சர்க்கார் சொல்லிற்று. வேலை தருவது நல்லதுதான். ஆனால் இரண்டரை ஆண்டு தீவிர சிகிச்சை வார்டில் நின்று பழகியவளை, அனுபவத்தைக் கணக்கில் கொள்ளாது, மீண்டும் முதற் படியில் நிறுத்துவது எந்த நியாயத்தில் சேரும்? ஆலைச் சொந்தக்காரர் ஒருவர் இவ்வாறு செய்தால் தொழிற்சங்கத்தாரும் நாமும் சும்மா இருப்போமா?

கஜானாவில் பணமில்லை என்பது எப்போதும் வரும் பதில். பணமில்லாத வேளைகளிலும் புதுக் கட்டிடங்கள் எழும்புகின்றன. விருதுநகரில் மெடிக்கல் காலேஜ் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அது இந்த ஜில்லாவுக்குக் கிடைத்த பெரும் பேறென்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டிடமும் கட்டிலும் வைத்தியம் பார்ப்பதில்லை. போதனா ஆஸ்பத்திரிகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸும், மற்றைய ஆஸ்பத்திரிகளில் ஐவருக்கு ஒரு நர்ஸும் வேண்டும் என்று இந்திய நர்ஸிங் கவுன்ஸில் அளவு வகுத்திருக்கிறது. இரவு பத்து மணிக்கு எந்தச் சர்க்கார் வார்டிலாவது இந்த அளவு கண்ணுக்குத் தெரிந்தால் எமக்கு அறிவிக்கும்படி நேயர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம். அந்த ஆஸ்பத்திரியின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிடுவோம்.

சர்க்காரிடம் நாம் கேட்பது வானத்து நட்சத்திரத்தையன்று. பரீட்சையில் தேறி வந்தவளைப் பரீட்சையில் தேறியவளாகவே நடத்துங்கள். ஒப்பந்தம் என்னும் நீண்ட வாசற்படியில் ஆண்டுக் கணக்காக நிற்க வைக்காதீர்கள். முன்பு சர்க்கார் வைத்தியசாலையில் பார்த்த ஒப்பந்த ஊழியத்தையும், பதிவு பெற்ற தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்த ஊழியத்தையும் ஓரளவாவது சம்பளத்தில் சேர்த்துக் கொள்ளுங்கள். அதைவிடச் செலவில்லாத காரியம் ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிறவளை முதல் நாளே தனியாக இராமுறையில் நிறுத்தாமல், ஒரு மாதமாவது மூத்த தாதி ஒருத்தியின் பக்கத்தில் வைத்து வார்டைப் பழக்குவது. ஆலையில் புதுத் தொழிலாளிக்குக்கூடப் பழகும் காலம் உண்டு. இயந்திரத்தின் அருகே அவனைத் தனியே விடுவதில்லை. நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம் என்று தெரிந்தும் அங்கே அவ்வளவு ஜாக்கிரதை. மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களிடம் அக்காலத்தில் யாரோ கடுத்துப் பேசியதை இன்று வந்தவளிடம் திருப்பிக் கொடுத்துக் கணக்குத் தீர்க்க வேண்டாம்.

இருப்பிடம் இன்னொரு சங்கடம். வெளியூரிலிருந்து நியமனமாகி வந்தவளுக்கு ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வாடகைக்கு வீடு தேடுவது எளிதன்று. தனியே வந்த பெண், இரவில் வெளியே போய்க் காலையில் திரும்புகிறவள் என்று தெரிந்தவுடன் வீட்டுக்காரர் முகம் மாறுகிறது. ஆடிப்பூரத் தேருக்கு ஆயிரம் ரூபாய் எழுதத் தயங்காத பெரிய மனிதர்கள் இவ்விரு ஊர்களிலும் நிறைய உண்டு; சொந்த வீட்டையே பொதுக் காரியத்துக்குக் கொடுத்த குமாரசாமி ராஜாவின் உதாரணமும் கண்ணெதிரே இருக்கிறது. தாதியர் தங்க ஒரு விடுதி அமைப்பது அவர்களால் முடியாத தர்மமன்று.

எம் நேயர்களில் பெரும்பாலோர் ஆண்மக்கள், அரசியலில் ஈடுபட்டவர்கள், மேடையில் பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றி மணிக் கணக்காகப் பேச வல்லவர்கள். அவர்களிடம் கொஞ்சம் வெளிப்படையாகவே பேச விரும்புகிறோம். நம் வீட்டுப் பெண்ணுக்கு நர்ஸ் உத்தியோகம் வந்தால் இராவேலையைக் காட்டி நிறுத்துகிறவர்கள் நாம்தாம். நர்ஸ் என்றால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசிக்கிறவர்களும் நாம்தாம். அவள் இரவெல்லாம் நின்றுவிட்டுக் காலையில் திரும்பினால், அடுப்பு மூட்டி இட்டிலிப் பானை வைக்கிற வேலையும் அவளுக்கே காத்திருக்கிறது. இப்போது ஆண் செவிலியரும் இத்தொழிலில் உண்டு. அவர்களை வேடிக்கையாகப் பேசும் வழக்கமும் நம்மிடையேதான் இருக்கிறது. வார்டில் நம்முடைய தாயாரோ தகப்பனாரோ படுத்திருக்கும்போது மாத்திரம், “சிஸ்டர், சிஸ்டர்” என்று பின்னாலேயே ஓடுகிறோம். குணமாகி வீடு திரும்பும் நாளில் ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கிக் கொடுத்துவிட்டு, கடன் தீர்ந்ததென்று நினைக்கிறோம். தின்பதற்கு அவளுக்கு நேரமிருந்ததா என்பது வேறு கேள்வி.

இரவு முறை பார்க்கும் தாதி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கோ, அங்கிருந்து இங்கேயோ, விளக்கு வைத்த பிறகு பஸ் ஏறுகிறாள். கையில் ஒரு சோற்றுத் தூக்கு; தோளில் ஒரு பை. கூட்டத்தில் அவளுக்கு இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அன்றைய அதிர்ஷ்டம். இவ்விரு நகரசபைகளின் அங்கத்தினர்களும், எல்லாக் கட்சிகளின் ஊர்த் தலைவர்களும், ஆஸ்பத்திரி அதிகாரிகளிடம் முறைப்படி அனுமதி பெற்று, ஒரு நாள் இரவு வார்டுக்குச் சென்று பார்க்க வேண்டும். ஓசைப்படாமல், போட்டோக்காரரை அழைத்துச் செல்லாமல், நோயாளர் எத்தனை பேர், தாதியர் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரமானவர் எத்தனை பேர் என்று எண்ணிக் கொண்டு வந்து எமக்கு எழுதட்டும். எழுதியதை இப்பக்கத்திலேயே பிரசுரிப்போம்.